ரோபோ அணிக்குப் படம் எடுப்பவருக்கு: மேட்ச், பிட், ஒயரிங், போர்ட்ஃபோலியோ

#1 · திருநகர்_லென்ஸ்

மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்துப் பள்ளி அணிகளில் "கேமரா யார்?" என்று கேட்டால், ரோபோவை ஓட்டும் டிரைவர் இடம் கிடைக்காத பிள்ளையைக் காட்டுவார்கள். என்ன எடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. சீசன் முடியும்போது ஆயிரம் படம் சேர்ந்திருக்கும், ஜட்ஜுக்குக் கொடுக்கும் போர்ட்ஃபோலியோவில் ஒட்டப் பத்து தேறாது. இந்த இழையில் கேமரா அமைப்பு எண்களையும் தவறுகளையும் மட்டும் பேசுவோம். "கலைக்கண் வேண்டும்" மாதிரிப் பேச்சுக்கு வேறு இழை இருக்கிறது.

முதலில் கணக்கு. எஃப்டிசி (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் போட்டி) என்றால் ஆட்டக்களமான ஃபீல்டு 12 அடிக்கு 12 அடி, தரையில் சாம்பல் ஃபோம் டைல். மேட்ச் 2 நிமிடம் 30 விநாடி: முதல் 30 விநாடி ரோபோ தானாக ஓடும், அடுத்த 2 நிமிடம் டிரைவர் கையில். ஃபர்ஸ்ட் லெகோ லீகிலும் இரண்டரை நிமிடம்தான், ஆனால் ஆட்டம் மேசை மேல். டபிள்யூஆர்ஓ (உலக ரோபோ ஒலிம்பியாட்) ரோபோமிஷனில் விரிப்பு 2362 × 1143 மில்லிமீட்டர், நேரம் 2 நிமிடம். வெக்ஸ் வி5 போட்டியில் 15 விநாடி தானியங்கி, 1 நிமிடம் 45 விநாடி டிரைவர்.

தகுதிச்சுற்றில் ஓர் அணிக்கு 5 அல்லது 6 மேட்ச் கிடைக்கும். கூட்டினால் நாள் முழுவதற்கும் ஆட்டம் கால் மணி நேரம். மீதி எட்டு மணி நேரம் பிட்டிலும் (அணி ரோபோவைப் பழுதுபார்க்கும் இடம்) வரிசையிலும் ஜட்ஜ் அறை வாசலிலும் கழிகிறது. கேமராக்காரர்கள் முக்கால்வாசிப் படத்தை அந்தக் கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டு, மீதி நேரம் செல்ஃபி எடுக்கிறார்கள். அங்கேயே கோளாறு ஆரம்பம்.

#2 · பத்தாம்ப்பு_பி

அண்ணே, எங்க ஸ்கூல்ல பழைய டிஎஸ்எல்ஆர் ஒண்ணு இருக்கு, 18-55 கிட் லென்ஸ். அதுபோக என் போன். ஆடிட்டோரியத்துல எடுத்தா ரோபோ எல்லாம் வழவழன்னு இழுபட்டுப் போகுது. ஒளி உணர்வை, அதான் ஐஎஸ்ஓவை, ஏத்தினா புள்ளி புள்ளியா வருது. எதை விடறது?

#3 · திருநகர்_லென்ஸ்

தம்பி, புள்ளியை விட்டுடு, இழுபடுறதை விடாதே. புள்ளி விழுந்த படத்தை ஏ4 தாளில் பாதிப் பக்கத்துக்கு அச்சடித்தால் கண்ணுக்கே தெரியாது. இழுபட்ட படத்தை யாராலும் திருத்த முடியாது.

ரோபோ விநாடிக்கு 1.5 மீட்டர் ஓடுது என்று வை. ஷட்டர் 1/125 விநாடியில் திறந்திருக்கும் நேரத்துக்குள் அது 12 மில்லிமீட்டர் நகரும். 1/500-இல் 3 மில்லிமீட்டர். ஃபீல்டு முழுவதும் 6000 பிக்சல் அகலத்தில் விழுந்தால் 12 மில்லிமீட்டர் என்பது 20 பிக்சல், அணி எண் கரைந்து போகும். 3 மில்லிமீட்டர் 5 பிக்சல்தான், படிக்கலாம். அதனால் ஓடும் ரோபோவுக்கு 1/500. நின்று தூக்கிப் போடும் இடத்தில் 1/250 போதும்.

இனி வெளிச்சம். நம்ம ஊர் கல்லூரி ஆடிட்டோரியம் பலதில் ஃபீல்டு மேல் விழுவது 300 லக்ஸ் அளவு. அதற்கு 1/500 வேண்டுமென்றால், எஃப்/2.8-இல் ஐஎஸ்ஓ 3200 வரும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்). கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் எஃப்/5.6 ஆகிவிடும், ஐஎஸ்ஓ 12800 கேட்கும். பழைய கேமரா பாடியில் அது கூழ். அதே இடத்தில் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் போட்டால் ஐஎஸ்ஓ 1250-க்குள் முடிந்துவிடும். பல பிராண்டிலும் விலை குறைந்த லென்ஸ்களில் இதுவும் ஒன்று. கல்யாண வீட்டுக்கு எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் யாரிடமும் இருக்கும், ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கலாம்.

ஆனால் எஃப்/1.8-க்கு ஒரு விலை உண்டு. 3 மீட்டர் தூரத்தில் ஃபோகஸில் நிற்கும் ஆழம் வெறும் 26 சென்டிமீட்டர். எஃப்டிசி ரோபோ தொடக்கத்தில் 18 அங்குலக் கனசதுரத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது 45 சென்டிமீட்டர். முன்பக்க இன்டேக் (பொருளை உள்ளே இழுக்கும் பாகம்) தெளிவாக இருந்தால் பின்சக்கரம் மங்கிவிடும். 5 மீட்டர் தள்ளி நின்றால் ஆழம் 72 சென்டிமீட்டர், ரோபோ முழுசாக நிற்கும். சட்டகத்தின் அகலமும் 2.3 மீட்டருக்கு மேல் இருக்கும், இரண்டு ரோபோ உள்ளே வரும். அதனால் 50 எம்எம் என்றால் ஃபீல்டு ஓரத்தில் ஒட்டாதே, ஐந்து மீட்டர் தள்ளி நில்.

கிட் லென்ஸ்தான் இருக்கு என்றால் 18-இல் வைத்துக்கொள், அங்கே எஃப்/3.5 கிடைக்கும். கிட்டே போய் எடு.

#4 · சோக்கு_பட்டி

லென்ஸ் அண்ணன் சொன்ன 1/500-க்குள்ள ஒரு குழி இருக்கு. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால விளக்கு விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குது. பழைய சோக்கு போட்ட ட்யூப்லைட், மெட்டல் ஹேலைடு, விலை மலிவான எல்இடி பேனல் எல்லாம் இப்படித்தான். 1/100-லயோ 1/50-லயோ எடுத்தா ஒரு முழு ஏற்ற இறக்கத்தையும் ஷட்டர் பிடிச்சிரும், வெளிச்சம் சமமா வரும். 1/500-ல அதுல அஞ்சுல ஒரு பங்கைத்தான் பிடிக்கும். தொடர்ந்து பத்துப் படம் எடுத்தா ரெண்டு வெளுத்து, மூணு இருண்டு, ஒண்ணு பழுப்பா வரும். கேமரா ரிப்பேருன்னு ஸ்டுடியோவுக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க.

மெனுவில ஃப்ளிக்கர் குறைப்புன்னு இருந்தா ஆன் பண்ணுங்க. விளக்கு உச்சத்துல இருக்கும்போது மட்டும் ஷட்டர் திறக்கும், வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கேனான்ல இது 7டி மார்க் 2-வோட 2014-ல வந்துச்சு, அதுக்கு முந்தின பாடியில தேடி நேரம் வீணாக்க வேணாம். இல்லாதவங்க அஞ்சாறு படம் தொடர்ச்சியா அடிச்சு நல்லதைப் பொறுக்கணும், வேற வழியில்லை.

சைலன்ட் ஷட்டர் வேணவே வேணாம். அது சென்சாரை வரி வரியாப் படிக்குது. விளக்கு துடிக்கிறப்போ படத்துல கருப்புப் பட்டை பட்டையா விழும். மேடைக்குப் பின்னாடி எல்இடி சுவர் இருந்தா இன்னும் மோசம். சுத்துற சக்கரமும் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு தெரியும்.

போன்ல எடுக்கிறவங்களுக்கு: ஆட்டோவில விட்டா போன் தானே 1/50, 1/100-னு போய் நிக்கும், பட்டை வராம இருக்கிறதுக்காக. அதனாலதான் இழுபடுது. கை ஆடுறதைத்தான் ஓஐஎஸ் தடுக்கும், ரோபோ ஓடுறதை அதால தடுக்க முடியாது. நைட் மோடை அணைச்சிருங்க, அது பல ஃப்ரேமைச் சேர்த்து ஒட்டுறதால ரோபோ பேய் மாதிரி ரெட்டையா வரும். ப்ரோ மோடு இல்லாத போனா இருந்தா ஓப்பன் கேமரா ஆப் இலவசம், போன் அனுமதிச்சா அதுல ஷட்டரைக் கையால வைக்கலாம். மெயின் லென்ஸ் எஃப்/1.8-ன்னா 1/250-க்கு ஐஎஸ்ஓ 640 போதும். ஜூம் பண்ணாதீங்க.

#5 · பத்தாம்ப்பு_பி

அப்போ ஃப்ளாஷ் போட்டா எல்லாம் சரியாயிரும்ல?

#6 · அச்சாணி

போடவே கூடாது தம்பி. டிரைவர் கண் கூசும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ரோபோவுக்கும் கண் இருக்கிறது. எஃப்டிசி ஃபீல்டில் ஏப்ரல்டேக் என்ற க்யூஆர் மாதிரிக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் ரோபோக்கள் உண்டு. தானியங்கி 30 விநாடியில் அந்த வெப்கேமராவில் ஃப்ளாஷ் அடித்தால் ஒரு ஃப்ரேம் வெளுத்துப் போகும். நிற சென்சாரும் வரி தொடரும் சென்சாரும் லெகோ மேசைகளில் இதே போலக் குழம்பும். எதிரணி ரோபோ திசைமாறினால் உங்கள் அணி நடுவர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

பலர் மறப்பது ஃபோகஸ் உதவி விளக்கு. ஃப்ளாஷை அணைத்த பின்னும் சில கேமராக்கள் அரையிருட்டில் ஒரு சிவப்பு அல்லது வெள்ளை விளக்கை அடிக்கும். மெனுவில் தனியாக அணைக்க வேண்டும்.

அடுத்தது வைஃபை. எஃப்டிசி ரோபோ வைஃபையில் ஓடுகிறது. போட்டி அரங்கில் அணிகள் சொந்த வைஃபை வலை உண்டாக்கக் கூடாது என்பது விதி. போன் ஹாட்ஸ்பாட் போடக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கேமராவிலிருந்து போனுக்குப் படம் மாற்றும் வசதி இருக்கிறதே, அதை ஆன் செய்தால் பல கேமராக்கள் தாமே ஒரு வைஃபை வலையைத் திறக்கின்றன. அதுவும் விதிமீறல்தான். ஆக்‌ஷன் கேமராக்களும் அப்படியே. அரங்குக்குள் நுழையுமுன் கேமராவை விமான மோடில் போட்டுவிட்டு, ஒரு ஓடிஜி கார்டு ரீடர் கொண்டு போங்கள்.

#7 · சோல்டர்_மீனா

இதுவரைக்கும் எல்லாரும் மேட்ச் படத்தையே பேசுறீங்க. ஜட்ஜ் மேட்ச் படத்தை வச்சு மார்க் போடப்போறதில்லை, ரோபோ ஓடுறதை அவங்க நேர்லயே பார்க்குறாங்க. அவங்க பார்க்க முடியாதது வொர்க்‌ஷாப்ல நடந்தது. மூணாவது இன்டேக் ஏன் வந்துச்சு, ரெண்டாவது எங்க உடைஞ்சுது, அந்தப் பிளவு எந்தத் துளையில ஆரம்பிச்சுது? இதுக்குப் படம் இல்லேன்னா வெறும் வாய்ப்பேச்சுதான்.

அதனால என் கட்சி இது: கேமராவுக்கு முதல் வேலை உடைஞ்ச பாகம்.

உடைஞ்ச உடனே பாகத்தைக் குப்பையில போட விடாதீங்க. மேசையில வச்சு, பக்கத்துல 15 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலைப் படுக்க வச்சு, மாஸ்கிங் டேப்ல தேதியும் பாகத்தின் பதிப்பு எண்ணும் எழுதி ஒட்டி, நேர் மேலிருந்து ஒண்ணு, பிளவுக்குக் கிட்ட ஒண்ணு. ரெண்டே படம். அடுத்த பதிப்பு வந்ததும் அதே மேசை, அதே கோணம், அதே தூரம். கோணம் மாறினா ஜட்ஜுக்கு வித்தியாசம் புரியாது, ரெண்டு வேற ரோபோன்னு நினைப்பாங்க. மேசையில மாஸ்கிங் டேப்பால ஒரு எல் போட்டு வச்சா பாகம் எப்பவும் அங்கதான் உக்காரும்.

வெளிச்சத்துக்கு எதுவும் வாங்க வேணாம். ஜன்னலோரம் மேசை, ஜன்னல் பக்கவாட்டுல. எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் ஷீட்டை நிறுத்தினா நிழல் இளகும். நேர் வெயில் விழுந்தா ஜன்னல்ல ஒரு வெள்ளை வேட்டியை ரெண்டு மடிப்பாத் தொங்க விடுங்க. பின்னணிக்கு ஸ்டேஷனரி கடை சார்ட் அட்டை, சாம்பல் நிறம். வெள்ளை அட்டைன்னா அலுமினிய சேனல் அதுல கலந்துரும், கேமராவும் ஏமாந்து இருட்டா எடுக்கும். ரோபோ முழுசும் நிக்கணும்னா அட்டை பத்தாது. விளக்குத்தூண் பக்கம் துணிக்கடையில பளபளப்பில்லாத சாம்பல் துணி ரெண்டரை மீட்டர் கிழிச்சு வாங்குங்க. வீட்டுல இருக்கிற சுங்குடிச் சேலையைத் தொங்க விடாதீங்க. புள்ளிக்கு நடுவுல போல்ட்டைத் தேடணும்.

வராந்தாவுல எடுக்கிறவங்க நேரம் பாருங்க. மதுரைக்கு ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் மதியச் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துரும். அந்த நேரத்துல ரோபோவோட மேல்தட்டு வெளுத்து, அடியில சேஸி கரியாப் போயிரும். காலை ஒன்பதுக்கு முன்னாடி எடுங்க.

#8 · திருநகர்_லென்ஸ்

மீனா மேடம் சொல்வதில் பாதிக்குத்தான் உடன்பாடு. மேட்ச் படம் வெறும் அலங்காரம் இல்லை. எந்த இடத்தில் ரோபோ சிக்கியது, தூக்கி வீசும்போது கை எவ்வளவு சாய்ந்தது என்பதெல்லாம் ஃபீல்டில்தான் தெரியும். வொர்க்‌ஷாப்பில் தனியாக ஓடும் ரோபோவை யாரும் இடிப்பதில்லை.

#9 · சோல்டர்_மீனா

அதுக்கு வீடியோ எடுங்க சார். ஸ்டாண்டுல ஒரு போன், கேலரியில உயரமான இடம், ஃபீல்டு நாலு மூலையும் உள்ளே, 1080பி-ல 30 ஃப்ரேம். நிமிஷத்துக்குச் சுமார் 130 எம்பி ஆகும், ஒரு மேட்ச்சுக்கு 325 எம்பி. ஆறு மேட்ச்சும் சேர்ந்து 2 ஜிபி. போனை ஃப்ளைட் மோடுல போடுங்க, நடுவுல தாத்தா கூப்பிட்டா ரெக்கார்டிங் நின்னுரும். நீங்க சொல்ற கை சாய்வை வீடியோதான் காட்டும், ஒத்தைப் படம் காட்டாது.

#10 · கப்பி_கயிறு

ஸ்லோமோஷன் பற்றி யாரும் தொடவில்லை, அதனால் சேர்க்கிறேன். பிழை தேட அதைவிட மலிவான கருவி கிடையாது.

240 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் 4.2 மில்லிவிநாடி. 312 ஆர்பிஎம் மோட்டாரில் நேரடியாக மாட்டிய இன்டேக் சக்கரம் ஒரு சுற்றுக்கு 46 ஃப்ரேம் தரும். பொருள் எந்த நொடியில் நழுவுகிறது, ரப்பர் பேண்டு எப்போது மடங்குகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். 6000 ஆர்பிஎம் வெறும் மோட்டாரில் மாட்டிய வீச்சுச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.4 ஃப்ரேம்தான் தரும். அதில் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் கூடத் தெரியலாம், அதை நம்பி வயரை மாற்றி மாட்டாதீர்கள். அங்கே சக்கரத்தைப் பார்க்காமல் வெளியேறும் பந்தைப் பாருங்கள். பின்னால் 10 சென்டிமீட்டர் கட்டம் போட்ட அட்டையை நிறுத்தினால், எத்தனை ஃப்ரேமில் எத்தனை கட்டம் கடந்தது என்பதிலிருந்து வேகம் வந்துவிடும். 12 ஃப்ரேமில் 3 கட்டம் என்றால், 0.05 விநாடியில் 30 சென்டிமீட்டர், அதாவது விநாடிக்கு 6 மீட்டர். பந்து அட்டையை ஒட்டிப் போக வேண்டும். கேமராவுக்குக் கிட்டே போனால் வேகம் கூடுதலாகக் காட்டும்.

ட்யூப்லைட்டுக்குக் கீழே 240 எடுத்தால் வீடியோ மின்மினி மாதிரி துடிக்கும், காரணம் மேலே சோக்கு பட்டி சொன்னதுதான். வெயில் படும் வராந்தாவுக்கு ரோபோவைத் தூக்குங்கள். அல்லது 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக எரியும் எல்இடி பட்டை.

#11 · அச்சாணி

அலுமினியப் பளபளப்பை அடக்க போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். கண்ணாடி, அக்ரிலிக், தண்ணீர் இவற்றின் பிரதிபலிப்பைத்தான் அது வெட்டும். உலோகப் பளபளப்பில் அதற்கு வேலை இல்லை. கூடவே ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். அலுமினியத்துக்கு மருந்து தெர்மாகோலும் வேட்டியும்தான்.

ஆனால் பள்ளியில் ஏற்கெனவே ஒரு போலரைசர் கிடந்தால் வேறொரு வித்தைக்கு ஆகும். லேப்டாப்பின் எல்சிடி திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் முன்னால் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தட்டைப் பிடித்து, போலரைசர் வழியாகப் படம் எடுங்கள். ஃபில்டரைத் திருப்பித் திரையைக் கறுப்பாக்கினால், தட்டில் அழுத்தம் தேங்கிய இடமெல்லாம் வானவில் நிறத்தில் எரியும். ட்ரில் துளையைச் சுற்றியும், அதிகமாக முறுக்கிய போல்ட்டுக்குக் கீழேயும், வளைத்த மடிப்பிலும் கோடுகள் நெருங்கி நிற்கும். அடுத்த பிளவு எங்கே வரும் என்று அந்தக் கோடுகள் சொல்லிவிடும். போல்ட்டை ஒரு சுற்று தளர்த்தி இன்னொரு படம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் போர்ட்ஃபோலியோவில் ஒரு பத்தி விளக்கம் மிச்சம். தட்டு முன்பே வெட்டும்போது வாங்கிய அழுத்தமும் சேர்ந்து தெரியும், அதனால் முறுக்குவதற்கு முன்பும் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

#12 · பத்தாம்ப்பு_பி

இது செமயா இருக்குண்ணே. ஒயரிங்குக்கு எப்படி எடுக்கிறது? எங்க ரோபோவுல எல்லாம் இடியாப்பம்.

#13 · சோக்கு_பட்டி

இடியாப்பமா இருந்தாத்தான் படம் ரொம்ப முக்கியம். போட்டி நாள்ல ஒரு வயர் பிடுங்கிட்டா எந்த போர்ட்ல இருந்துச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. ரோபோவோட மூளையான கன்ட்ரோல் ஹப்புல மோட்டார் போர்ட் 0 முதல் 3, சர்வோ போர்ட் 0 முதல் 5. புரோகிராம்ல எழுதின எண்ணும் வயர் சொருகின எண்ணும் மாறினா ரோபோ தலைகீழா ஓடும்.

முதல்ல ஒவ்வொரு வயரோட ரெண்டு முனையிலயும் மாஸ்கிங் டேப்பைக் கொடி மாதிரி ஒட்டி, என்ன மோட்டார், எந்த போர்ட்னு எழுதுங்க. அப்புறம் ஹப்போட போர்ட் இருக்கிற ஒவ்வொரு பக்கமும் நேருக்கு நேரா ஒரு படம். சாய்ச்சு எடுத்தா முன்னாடி இருக்கிற கனெக்டர் பின்னாடி இருக்கிற எண்ணை மறைச்சிரும். போனை ரொம்பக் கிட்டக் கொண்டு போகாம 40, 50 சென்டிமீட்டர் தள்ளி நின்னு அப்புறம் வெட்டிக்கிங்க, கிட்டப் போனா போனோட நிழலே விழும். சேஸியைக் கவுத்து அடிப்பக்கம் ஒண்ணு. கையை மேல தூக்கி நிறுத்தி ஒண்ணு, அப்பத்தான் வயர் இழுபடுற இடம் தெரியும். கவுக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டிருங்க.

வயரிங் மாத்தின ஒவ்வொரு தடவையும் பழசைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளி, புதுசை மட்டும் பிட்டுல அச்செடுத்து ஒட்டுங்க. போன வாரப் படத்தைப் பார்த்துச் சொருகினா படம் இல்லாததைவிட மோசம்.

பேட்டரிக்கும் இதே வேலை. பேட்டரிமேல எண் எழுதி, மேட்ச்சுக்கு முன்னாடி மல்டிமீட்டர் முகப்பும் அந்த எண்ணும் ஒரே படத்துல வர்ற மாதிரி எடுங்க. சாயங்காலம் "ஏன் அஞ்சாவது மேட்ச்ல தூக்கலை?"ன்னு கேள்வி வர்றப்போ பதில் போன்லயே இருக்கும்.

#14 · வைகைவடகரை_டீச்சர்

பிட் படங்களில் நான் முதலில் பார்ப்பது பாதுகாப்புக் கண்ணாடி. ட்ரில் பிடித்திருக்கும் பிள்ளை கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போர்ட்ஃபோலியோவுக்குப் போகாது. ஜட்ஜ் கண் நேரே அங்கேதான் போகும். படமெடுப்பவர் அதைப் பார்த்தால் முதலில் "கண்ணாடியை இறக்கு" என்று சொல்லிவிட்டு, பிறகு எடுக்க வேண்டும்.

ஒப்புதல் பற்றி. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஃபர்ஸ்ட் போட்டிகளுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் தனியாக உண்டு. அது போட்டி நடத்துபவர்களுக்கானது. பள்ளிப் பக்கத்தில் போட பள்ளி தனியே ஒரு தாள் வாங்கி வைக்கட்டும்: எந்த இடத்தில் போடுவோம், பெயர் போடுவோமா, எப்போது கேட்டாலும் எடுத்துவிடுவோமா என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். கையெழுத்து வராத பிள்ளையை ஒதுக்கி நிறுத்தாதீர்கள். கையும் ஸ்க்ரூடிரைவரும் ரோபோவும் தெரிகிற மாதிரி எடுங்கள், பல நேரம் அதுதான் அந்த நாளின் நல்ல படமாக அமையும்.

எதிரணிப் பிள்ளைகள் முகம் நெருக்கமாக வந்த படங்களை வெளியே போட வேண்டாம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் பெயர், வகுப்பு, பெற்றோர் கைபேசி எண் எல்லாம் இருக்கும். 24 மெகாபிக்சலில் அதைப் பெரிதாக்கிப் படிக்கலாம். குரூப் போட்டோவுக்கு முன்னால் அட்டையைச் சட்டைப் பைக்குள் போடச் சொல்லுங்கள்.

#15 · கப்பி_கயிறு

டீச்சர் சொன்னதோடு சேர்த்து: படத்தை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கும். 300 டிபிஐ-இல் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 13.5 சென்டிமீட்டர், ஏ4 தாளின் அகலத்தைக்கூட நிரப்பாது. அதனால் எல்லாரும் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பு என்கிறோம். சரிதான். ஆனால் அப்படி அனுப்பும்போது படத்துக்குள் ஜிபிஎஸ் இடம் அப்படியே போகும். வீட்டில் வைத்து எடுத்த ரோபோ படம் என்றால் வீட்டு முகவரி போனது போலத்தான். போன் கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை சீசன் தொடங்கும்போதே அணைத்துவிடுங்கள்.

#16 · அச்சாணி

போர்ட்ஃபோலியோ பக்கக் கணக்கையும் நினைவில் வையுங்கள். எஃப்டிசி-யில் உள்பக்கம் 15-க்கு மேல் போகக்கூடாது, அந்த சீசன் மேனுவலைத் திறந்து எதெல்லாம் கணக்கில் வரும் என்று சரிபாருங்கள். பக்கத்துக்கு இரண்டு படம் என்றாலே 30. ஆயிரம் படத்திலிருந்து 30-க்கு வர வேண்டும். போட்டி முடிந்த இரவே ஒருவர் உட்கார்ந்து இழுபட்டதை நீக்கி, மறுநாள் இன்னொருவர் உட்கார்ந்து நட்சத்திரம் போட்டால் வேலை நடக்கும். எடுத்தவரே தேர்ந்தெடுத்தால் "இதுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டேன்" என்று எதையும் விடமாட்டார்.

போனில் உள்ள 'ஏஐ மேம்படுத்தல்', தூர ஜூமில் வரும் செயற்கைத் தெளிவு இரண்டும் வேண்டாம். இல்லாத போல்ட்டை வரைந்துவிடும், அணி எண்ணில் 8-ஐ 6 ஆக்கிவிடும்.

#17 · தெற்குமாசி_ஃபிளெக்ஸ்

பிட் பேனர் பத்தி ஒரு வார்த்தை. ஃபிளெக்ஸ் அடிக்கிறதுல நம்ம ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனா பிள்ளைங்க கொண்டு வர்ற ஃபைல்தான் கண்ணைக் கட்டுது. 6 அடிக்கு 3 அடி பேனருக்கு 12 மெகாபிக்சல் படம் தாராளம். 4000 பிக்சலை 72 அங்குலத்துல பரப்பினா 55 டிபிஐ, ரெண்டு மீட்டர் தள்ளி நின்னா யாருக்கும் தெரியாது. வாட்ஸ்ஆப்ல வந்த 1600 பிக்சல் படத்தைக் கொண்டு வந்தா 22 டிபிஐ, மூஞ்சி செங்கல் செங்கலாத் தெரியும். குரூப் போட்டோவுல தலைக்கு மேலயும் ரெண்டு ஓரத்துலயும் இடம் விட்டு எடுங்க, ஸ்பான்சர் லோகோ எங்க வைக்கிறது? அப்புறம், பன்னிரண்டு பேரையும் வெட்டி வெட்டி ஒட்டி, நடுவுல ரோபோவுக்கு மாலை போடச் சொல்லாதீங்க. கேட்டா போடுவோம், அது வேற.

#18 · பத்தாம்ப்பு_பி

கடைசியா ஒண்ணுண்ணே. மேட்ச்ல எங்க நிக்கணும்? ஃபீல்டுக்குள்ள விடமாட்டாங்கல்ல?

#19 · திருநகர்_லென்ஸ்

உள்ளே விடமாட்டார்கள். எஃப்டிசி-யில் அலையன்ஸ் (ஒரே நிறத்தில் சேர்ந்து ஆடும் இரண்டு அணி) இடத்தில் அணிக்கு நான்கு பேர்தான்: இரண்டு டிரைவர், ஒரு கோச், ஒரு ஹியூமன் பிளேயர். மீடியா அட்டை கொடுக்கும் போட்டிகளில் காலையிலேயே கேட்டு வாங்கு. இல்லாவிட்டால் கயிற்றுக்கு வெளியேதான்.

சிவப்பும் நீலமும் எதிரெதிர்ப் பக்கம் நிற்கும். உன் அணி சிவப்பு என்றால், நீலப் பக்கத்து மூலையில் நின்றால்தான் உன் டிரைவர் முகமும் ரோபோவும் ஒரே கோட்டில் கிடைக்கும். அடுத்த மேட்ச்சில் நிறம் மாறும், அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு முன்னாலேயே மூலை மாறு. முழங்காலிட்டு ரோபோ உயரத்துக்கு இறங்கு. நின்றுகொண்டு எடுத்தால் தரை டைல்தான் அதிகம் வரும். ஃபீல்டுச் சுவர் ஒளி ஊடுருவும் தட்டாக இருந்தால் அதன் வழியாக எடுக்காதே. மேல்விளிம்புக்கு மேலே லென்ஸ் இருக்கட்டும்.

ஃபோகஸைத் தொடர் மோடில் போட்டு, நடு ஒற்றைப் புள்ளியை ரோபோவின் அணி எண் தகட்டில் வை. எழுத்தும் பின்னணியும் வேறு வேறு நிறம் என்பதால் கேமரா சட்டென்று பிடிக்கும். வெறும் அலுமினியத்தில் வைத்தால் தேடிக்கொண்டே இருக்கும். நிறத்துக்கு, மேட்ச் தொடங்குமுன் சட்டகம் முழுக்கச் சாம்பல் டைல் மட்டும் வரும்படி ஒரு படம் எடுத்து அதை வைத்து வெள்ளைச் சமநிலை போடு. ஓரளவு சரியாக வரும். முதல் 30 விநாடி ரோபோவை விட்டுவிட்டு முகங்களை எடு. தானியங்கி ஓடும்போது டிரைவர் கைக்கு வேலை இல்லை, எல்லாம் முகத்தில்தான் இருக்கும். டிரைவர் நேரம் தொடங்கியதும் ரோபோவுக்குத் திரும்பு.

#20 · பத்தாம்ப்பு_பி

எந்தப் படம் எந்த மேட்ச்சுன்னு அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.

#21 · சோக்கு_பட்டி

காலையில அரங்குக்குள்ள போனதும் ஸ்கோர் மேசைக் கடிகாரத்தையோ போன் கடிகாரத்தையோ ஒவ்வொரு கேமராவுலயும் ஒரு படம் எடுத்துக்க. டிஎஸ்எல்ஆர் கடிகாரம் 12 நிமிஷம் பின்னாடி ஓடினாலும் கவலையில்லை, டிஜிகேம்ங்கிற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து 12 நிமிஷம் கூட்டினா முடிஞ்சுது, அது இலவசம்தான். அட்டவணை நேரத்தை நம்பாதே, மதியத்துக்கு மேல தாமதமாகும். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னாடி திரையில வர்ற மேட்ச் எண்ணை ஒரு படம் எடு, அடுத்த எண் வர்ற வரைக்கும் எல்லாம் அந்த மேட்ச்தான். ஃபோல்டர் பேருல தேதி, மேட்ச் எண், நம்ம நிறம். பேட்டரி ரெண்டு, கார்டு ரெண்டு. ஏசி ஹால்ல இருந்து மழைநாள்ல வெளிய வந்தா லென்ஸ்ல ஆவி படியும், துடைக்காதே, பையை மூடி கால் மணி நேரம் வச்சிட்டுத் திற.